ஏழாம் கட்டத்துக்கு ஓர் ஆள்

மலை தானாக எரியாது என்பது குருவிமலைத் தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மாசி பிறந்து பனி விட்டதும் மானாப்புல் காய்ந்து சருகாகிவிடும். பழைய புல்லைக் கொளுத்தினால் முதல் மழைக்குத் தளிர் வரும், மாடு வயிறாரத் தின்னும் என்று ஒருவர் நெருப்பு வைப்பார். காட்டுப்பன்றியைக் கிளப்ப இன்னொருவர் வைப்பார். மூன்றாமவர் பீடியைக் குடித்துவிட்டு எறிவார். நாலாமவருக்கு ஒரு காரணமும் இருக்காது. மடியில் நெருப்புப் பெட்டி இருந்தது, வைத்தார், அவ்வளவுதான். அந்த வருஷம் இந்த நாலு வகை ஆட்களும் ஒரே மாதத்தில் சேர்ந்து பாடுபட்டதில், தலவாக்கலையிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் மலைகளெல்லாம் கரியாகக் கிடந்தன.

மேல் டிவிசனில் வாழ்நாளில் நெருப்பே வைக்காத ஆள் என்றால் கந்தப்பன் ஒருவர்தான். அதற்காக அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். மலை உச்சி ஊற்றிலிருந்து தொழிலாளர் லயத்துப் பொதுப் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கறுப்புக் குழாயைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. நாற்பத்திரண்டு குடும்பம் குடிப்பதும் குளிப்பதும் அந்தப் பீலியில். குழாய் ஓடுவதோ காய்ந்த புல்லுக்குள்ளே. ஆகவே கையில் நெருப்புப் பெட்டியோடு மலைப்பக்கம் போகிற எவரையும் மாமன் மச்சான் என்று பார்க்காமல் வாய்க்கு வந்தபடி ஏசுவார். பன்னிரண்டு வருஷம் அந்த ஏச்சுக்குப் பலன் இருந்தது. பதின்மூன்றாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மலை பற்றிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு எண்ணூறு அடிக் குழாயும் பாகாய் உருகிப் பாறையில் ஒட்டிக்கொண்டது. பீலி ஒருமுறை விக்கிவிட்டு நின்றது.

அன்றிலிருந்து தண்ணீருக்குக் கீழே ஆற்றுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இறங்க அரை மணி, இருபது லீட்டர் கேனோடு ஏற ஒரு மணி. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த கால்களோடு பெண்கள் அதைச் செய்தார்கள். கந்தப்பனின் மனைவி சண்முகவடிவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. ஒவ்வொரு தடவை ஏறி வரும்போதும் குழாயையும் குழாய்க்காரரையும் சேர்த்து வைதுகொண்டே வந்தாள். கந்தப்பன் தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டார். குழாய் தங்கள் வேலை இல்லை, டவுனில் புதிதாக ஓர் அரசாங்கக் கந்தோர் திறந்திருக்கிறார்கள், அங்கே கேட்கச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள்.

அந்தக் கந்தோருக்குக் காட்டுத்தீக் காரணங்கண்டறி ஒருங்கிணைப்புப் பிரிவு என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தின் அகலத்தைத் தாண்டிப்போனதால் கடைசி எழுத்துகள் பக்கத்து மருந்துக்கடைச் சுவரில் இருந்தன. தீயை அணைப்பது இவர்கள் வேலை அல்ல. அணைந்த பிறகு வந்து, அது ஏன் எரிந்தது என்று எழுதிக்கொண்டு போவார்கள். பாதிக்கப்பட்ட இடத்துக்குக் குழாய், கூரைத்தகடு முதலியவற்றை வழங்குவதும் இவர்களே.

உதவிப் பணிப்பாளர் நிரஞ்சன் நல்ல மனுஷர்தான். சும்மா சொல்லக்கூடாது, எழுந்து கதிரை காட்டி, கந்தப்பன் நிரப்பிக் கொண்டுபோன விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்.

"மேல் டிவிசன் தீயா? எங்க பட்டியல்ல இருக்கு, அறுபத்துமூணாவது. விண்ணப்பமெல்லாம் சரி. ஏழாம் கட்டம் மட்டும் வெறுமையா இருக்கே?"

ஏழாம் கட்டத்தில் 'தீயை ஏற்படுத்திய மனிதரின் முழுப்பெயர்' என்று அச்சடித்திருந்தது.

"யாருன்னு தெரியாதுங்க சேர்."

"தெரியாம எப்படி? காட்டுத்தீயில தொண்ணூற்றஞ்சு வீதம் மனிதரால ஏற்படுதுன்னு சுற்றுநிருபம் சொல்லுது."

"மிச்சம் அஞ்சு வீதம் இருக்குதுங்களே சேர். அதுல போட்டுக்கங்களேன்."

நிரஞ்சன் இரக்கத்தோடு பார்த்தார். "இயற்கைக்கு ஒதுக்குன அஞ்சு வீதம் பெப்ரவரி பத்தாம் திகதியோட முடிஞ்சிருச்சு. முந்தி வந்தவங்க எடுத்துக்கிட்டாங்க. நீங்க கொஞ்சம் வெள்ளென எரிஞ்சிருக்கணும்."

நிரஞ்சன் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார்.

"இந்தத் திட்டமே மனிதத் தவறைத் திருத்துறதுக்குத்தான். மனிதர் இருந்தாத்தான் தவறு. தவறு இருந்தாத்தான் திருத்தம். திருத்தம் இருந்தாத்தான் குழாய். மனிதரே இல்லாத எடத்துக்கு நான் எப்படிக் குழாய் குடுக்க?"

"நாப்பத்திரண்டு குடும்பம் இருக்குதுங்க சேர்."

"அவங்க பாதிக்கப்பட்டவங்க. அது ஒன்பதாம் கட்டம். முதல்ல ஏழு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயப்பட வேணாம்னு சொல்லுங்க. பொலிஸ் இல்ல, கோர்ட்டு இல்ல. மொத தடவைக்கு எச்சரிக்கை மட்டுந்தான். ஒரே ஒரு ஆள் வந்து ஒத்துக்கிட்டாப் போதும்."

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டு. தோட்டத்தில் எல்லா வேலைக்கும் ஆள் போடுவது அங்கேதான். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கையில் துண்டுத்தாளை வைத்துக்கொண்டு வாசிப்பார், யார் யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று பிரிப்பார், கூட்டம் கலையும். நூறு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் நடக்கிறது. வேறு விதமாக ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழி அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"கொழுந்துக்கு அம்பத்தெட்டு ஆள். கவ்வாத்து வெட்டப் பன்னண்டு. மருந்தடிக்க நாலு." கண்டாக்கு தொண்டையைச் செருமினார். "நெருப்பு வச்சதுக்கு ஒரு ஆள். டவுனுக்குப் போய்க் கையெழுத்துப் போடணும். முழு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவேன்."

எல்லோரும் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போன வருசம் செத்துப்போன வேலாயுதத்தப் போடுங்க ஐயா. தங்கமான மனுசன், ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றது ஒரு குரல்.

"கையெழுத்து வேணும்டா."

திலக்ஷன் கட்டாருக்கு வேலைக்குப் போகப் பொலிஸ் ரிப்போட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான், அவனால் முடியாது. லோஜினி தன் புருஷனைப் போட்டுக்கொள்ளும்படியும், எப்படியும் அந்த ஆள் உருப்படப் போவதில்லை என்றும் சொன்னாள். அங்கேயே இருவருக்கும் வாய்த்தகராறு வந்து, கண்டாக்கு விலக்கிவிட வேண்டியதாயிற்று. சிவசாமி மட்டும் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எரிந்த பக்கம் அவருடைய மூன்று மாடுகள் மேய்கிற பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகள் தனுஜாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கந்தப்பண்ணனையே போட்டா என்ன?" என்று திலக்ஷன் கேட்டான்.

"அடப் பாவி! நெருப்பு வைக்காதீங்கடான்னு தொண்டை கிழியக் கத்துனவன்டா நானு!"

"அதுக்குத்தாண்ணே சொல்றேன். நாங்க வச்சோம்னா ஊரு நம்பிரும், பேரு கெட்டுப்போயிரும். நீங்க வச்சீங்கன்னா ஒரு பய நம்ப மாட்டான். ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது."

எழுபது தலைகள் ஒன்றாக ஆடின. இதைவிட நியாயமான பேச்சை அந்தப் பெரட்டு கேட்டதில்லை. கந்தப்பன் மனைவியைப் பார்த்தார். சண்முகவடிவு கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வச்சேன்னு சொல்லிட்டு வாங்க. எம் முழங்காலு இன்னும் ஒரு வாரந்தான் தாங்கும்."

கண்டாக்கு துண்டில் எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

டவுன் கந்தோரில் கந்தப்பனுக்குக் கிடைத்த மரியாதையை என்னத்தைச் சொல்ல! அறுபத்துமூன்று தீயில் தானாக வந்து ஒத்துக்கொண்ட முதல் மனிதர் இவர்தான். பால் தேநீர் வந்தது. கிரீம் பிஸ்கட் வந்தது. உள்ளறைகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் செல்பி எடுத்துக்கொண்டார்.

"என்ன காரணத்துக்காக வச்சீங்க? நாலு இருக்கு. புல்லு, வேட்டை, கவனயீனம், பொழுதுபோக்கு" என்றார் நிரஞ்சன், பேனாவைத் திறந்துகொண்டு.

"எதுக்குச் சேர் குழாய் கெதியா வரும்?"

"கவனயீனம். பொழுதுபோக்குன்னா மனநல வைத்தியரோட கடிதம் வேணும்."

"அப்ப கவனயீனம்."

"எத்தனை குச்சி?"

கந்தப்பன் யோசித்தார். வீட்டில் அடுப்புப் பற்றவைக்கச் சொன்னாலே நாலு குச்சி வீணாக்குகிற ஆள் அவர். இருந்தாலும் அரசாங்கத்திடம் அதிகம் சொல்லக் கூசி, "ஒண்ணுதாங்க" என்றார்.

"ஒரே குச்சியில பதினேழு ஏக்கர்!" நிரஞ்சன் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் புருவத்தை உயர்த்தி மெச்சினார். பிறகு நிரஞ்சன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடன் கேட்க வந்தவர்போல் இளித்தார்.

"அண்ணே, பட்டிப்பொலப் பக்கம் ஒரு தீ ஆள் இல்லாமக் கிடக்கு. அதையும் நீங்களே..."

"நான் பட்டிப்பொலைக்குப் போனதே இல்லீங்க சேர்."

"ரயில் இருக்கே."

"நான் நம்ம குழாய்க்காகத்தான் வந்தேன்."

"குழாயை யார் இல்லன்னா? ஒரு தீயோட வர்ற ஆளுக்கு மூணு மாசத்துல வரும். நாலு தீ இருந்தா, பெரிய விழாவே வச்சு அடுத்த கிழமை குடுத்துரலாம்."

மூன்று மாதம் என்றதும் கந்தப்பனின் கண்ணுக்கு முன்னால் மனைவியின் முழங்கால்தான் வந்தது. பட்டிப்பொலவை எடுத்துக்கொண்டார். றொசல்லவை எடுத்துக்கொண்டார். பெயர்கூடச் சரியாக விளங்காத இன்னொரு மலையையும் எடுத்துக்கொண்டார். பட்டிப்பொலவும் றொசல்லவும் ஒரே நாளில், அரை மணி வித்தியாசத்தில் எரிந்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்று கந்தப்பன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நிரஞ்சன் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, நேரத்தைத் திருத்தி எழுதினார்.

விழாவுக்கு 'தீயோடு விளையாடாதே' என்று பெயர். எரியாமல் மிச்சம் இருந்த மலைச்சரிவில், முழங்கால் உயரக் காய்ந்த மானாப்புல்லுக்கு நடுவே, மேடை போட்டார்கள். அங்கிருந்துதான் படத்துக்குப் பின்னணியில் தேயிலை பச்சையாக விழுமாம். ரோட்டில் வாழைமரம் கட்டி ஒரு வளைவு நட்டார்கள். மேடையின் ஓரத்தில், சிவப்பு ரிப்பன் கட்டி, நாலு சுருள் புத்தம்புதிய கறுப்புக் குழாய். நாற்பத்திரண்டு குடும்பமும் பேச்சாளரைப் பார்க்காமல் அந்த நாலு சுருளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொழும்பிலிருந்து பணிப்பாளர் நாயகம் வந்திருந்தார். அவர் சிங்களத்தில் பேசப் பேச, நிரஞ்சன் தமிழில் சொன்னார்.

"அன்பான தோட்டத்து மக்களே! தீயைப் பார்த்து நீங்கள் மனம் தளரக் கூடாது. எங்களைப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பிரிவில் ஒரே ஒரு மேசை. அப்போது தீ வெறும் ஒன்பது. இன்று தீ அறுபத்துமூன்று, வாகனம் பதினொன்று. இந்த வளர்ச்சி யாரால் வந்தது? உங்களைப் போன்ற கவனயீனமான மக்களால்! உங்களை நாங்கள் கைவிட மாட்டோம். தீயை அடியோடு ஒழிப்போம். ஆனால் அவசரப்படாமல், படிப்படியாக ஒழிப்போம். ஒரேயடியாக ஒழித்தால் இத்தனை உத்தியோகத்தர்களின் கதி என்ன என்பதையும் நீங்கள் மனிதாபிமானத்தோடு யோசிக்க வேண்டும்!"

கை தட்டினார்கள். பிறகு நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, செயல்முறை விளக்கம். நாலு மலையைக் கொளுத்தித் திருந்திய கந்தப்பன், தீயை எப்படி வைக்கக் கூடாது என்பதைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டுவார் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கந்தப்பனுக்கு அதுவரை இது தெரியாது. ஒருவர் கழுத்தில் மாலையைப் போட்டார். இன்னொருவர் கையில் நெருப்புப் பெட்டியைத் திணித்தார்.

"சேர், காத்து மேல் பக்கமா அடிக்குதுங்க. புல்லு சருகாக் கெடக்கு. வேணாம் சேர்" என்று கந்தப்பன் நிரஞ்சனின் காதில் சொன்னார்.

"நிகழ்ச்சி நிரல்ல அச்சடிச்சாச்சு அண்ணே. சும்மா கொளுத்தி, உடனே அணைச்சிருவோம். கெமராக்காரர் காத்துக்கிட்டு இருக்கார்."

"சேர், நெசமாச் சொல்றேன், இது கேக்காது. நான் பதிமூணு வருசமா இந்த மலையப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"குழாய் வேணுமா வேணாமா?"

முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது பிடிக்கவே இல்லை. நாலு மலையைக் கொளுத்திய மனிதருக்கு ஒரு குச்சி பற்றவைக்கத் தெரியவில்லையே என்று கெமராக்காரர் சலித்துக்கொண்டார். பணிப்பாளர் நாயகம் பொறுமையிழந்து, தானே மேடையை விட்டு இறங்கி வந்தார். பேச்சு எழுதிய கோப்பை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தார். இரண்டு மேலதிகாரிகள் இருபுறமும் குடை பிடித்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து ஒத்தாசை செய்ததில் நாலாவது குச்சி அழகாகப் பற்றியது.

ஒரு பிடி புல் எரிந்தது. 'இப்படிச் செய்யக் கூடாது' என்று நிரஞ்சன் ஒலிபெருக்கியில் சொன்னார். 'செய்யக்' என்பது வரைக்கும்தான் காதில் விழுந்தது. அதற்குள் காற்று திரும்பி நெருப்பை அள்ளிக்கொண்டு மேடைக்குக் கீழே புகுந்தது. மேடையில் கட்டியிருந்த பெனர் தலைப்பிலிருந்து எரிய ஆரம்பித்தது. பணிப்பாளர் நாயகம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், அவருக்கு மூட்டுவலி என்று மேடையில் தனிக் கதிரை போட்டதற்காக வருத்தப்பட்டார்கள். பதினொரு வாகனமும் ஒரே சமயத்தில் இறங்கி, வாழைமர வளைவில் முட்டிக்கொண்டு நின்றன. கீழே டவுனிலிருந்து வந்த தண்ணீர் பவுசர் அவற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஹோர்ன் அடித்தது.

தோட்டத்து ஆட்கள் பச்சை மரக்கிளைகளை ஒடித்துக்கொண்டு நெருப்புக்குள் இறங்கினார்கள். சிவசாமி எல்லோருக்கும் முன்னால் நின்று அடித்தார். அவரைப் போல் அன்று யாரும் அடிக்கவில்லை. கண்டாக்கு சட்டையைக் கழற்றி அடித்தார். இரண்டரை மணி நேரம். லயம் தப்பியது. தேயிலை தப்பியது. கந்தப்பன் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரே ஒரு சுருளையாவது இழுத்துவிடலாம் என்று மேடைப்பக்கம் ஓடினார். சுருள் கையோடு குழைந்து வந்தது. உள்ளங்கை தோலுரிந்து கொப்புளம் போட்டது. ரிப்பனும் குழாயும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஐம்பத்தோரு வயதுக்காரர் அங்கேயே குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

நாலு மணிபோல் நிரஞ்சன் திரும்பி வந்தார். புகை இன்னும் அடங்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து, அறுபத்துநாலு என்று இலக்கம் போட்டார். கந்தப்பன் எழுந்து கிட்டப் போனார். அவர் முகத்தில் கரிக்கு நடுவே சின்னதாக ஒரு தெளிவு வந்திருந்தது.

"ஏழாம் கட்டத்துல எம் பேரப் போட்டுக்கங்க சேர். இந்தத் தடவ நெசமாவே நான்தான் வச்சேன்."

"இல்ல அண்ணே, அது சரி வராது."

"ஏன் சேர்? ஊரே பாத்துச்சு. கெமராவுல எல்லாம் இருக்கு."

"அதனாலதான் சரி வராது. உங்க பேரைப் போட்டா, யார் சொல்லி வச்சீங்கன்னு எட்டாம் கட்டம் கேக்கும்."

"நீங்க சொன்னீங்கன்னு போடுங்க. பெரிய ஐயா கோப்பு பிடிச்சாருன்னு போடுங்க."

நிரஞ்சன் பேனாவை மூடித் திறந்தார். "அண்ணே, அது மனிதர்களுக்கான கட்டம். நாங்க உத்தியோகத்தர்கள்."

எழுதினார். கந்தப்பன் எட்டிப் பார்த்தார். 'இயற்கை' என்று இருந்தது.

"இயற்கை அஞ்சு வீதமும் முடிஞ்சிருச்சுன்னீங்களே சேர்!"

"பணிப்பாளர் நாயகம் வாகனத்துல போகும்போதே போன்ல ஆறாக்கிட்டார்."

"அப்ப குழாய்?"

"இயற்கை செஞ்சதுக்கு நாங்க என்ன அண்ணே செய்ய? திருத்துறதுக்கு மனிதர் இல்லையே. பழைய தீக்கு உரிய குழாயும் விழாவுல வழங்கியாச்சுன்னு பதிஞ்சாச்சு."

கந்தப்பன் கொப்புளம் போட்ட கையை நிரஞ்சனின் மூக்குக்கு நேரே விரித்தார். "பாருங்க சேர்! நான் வச்சேன்! இந்தக் கையால வச்சேன்! என்னை எழுதுங்க! எச்சரிக்கை குடுங்க, ஜெயில்ல போடுங்க, என்னமோ செய்ங்க, ஆனா என்னை எழுதுங்க!"

"சத்தம் போடாதீங்க. அரசாங்க உத்தியோகத்தருக்குப் பொய் வாக்குமூலம் குடுக்கிறது குற்றம், தெரியுமா? நீங்க நல்ல மனுஷன்னு விடுறேன்."

சண்முகவடிவு இரண்டு காலிக் கேனோடு கீழ்ப்பாதையில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சாம்பல். புருஷனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். பிறகு ஜீப்புப் பக்கம் திரும்பினாள்.

"வைக்காதப்ப வச்சேன்னாரு, பிஸ்கட் குடுத்து எழுதிக்கிட்டீங்க. வச்சிட்டு வச்சேங்கிறாரு, பொய்யிங்கிறீங்க. சரிங்க சேர். நாப்பத்திரண்டு குடும்பத்துல இப்ப ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நெருப்பு அடிச்ச ஆம்பளைங்க தொண்டை காஞ்சு உக்காந்திருக்காங்க. நான் இந்தக் காலோட ஆத்துக்கு எறங்குறேன். வழியில விழுந்து செத்தேன்னா, அதையும் இயற்கைன்னே எழுதிக்கங்க."

ஒரு கேனை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டு, அவள் நொண்டி நொண்டி இறங்கத் தொடங்கினாள். நிரஞ்சன் அவள் சொன்னதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தாளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.